மாத்திரையை மாற்றச் சொல்கிறார் டாக்டர், நிறுத்தச் சொல்கிறார் அம்மா

கார்முகில் · ஞாயிறு, மாலை 5.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல மாதமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 16 வயதில் வலிப்பு வந்தது. இப்போது 29. 13 வருடமாக சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். கடைசி வலிப்பு வந்து 6 வருடம் ஆகிறது. இனி குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் புதிதாக ஒருவரிடம் போனோம். சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மருந்தைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவே இல்லையா?" இல்லை. 13 வருடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. மாற்றிவிட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும், அதுவரை கவனமாக இருங்கள்" என்றார். வெளியே கூட்டம். அடுத்த வாரம் விரிவாகப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. கரு தங்கியதும் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடு, எப்படியும் விஷம்தானே என்கிறார் அம்மா. 6 வருடம் நன்றாக இருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்கிறார் கணவர். எனக்கோ கோபம்தான் முதலில் வருகிறது. இத்தனை வருடம் ஏன் யாரும் சொல்லவில்லை?

கணவர் மட்டும் இதற்குள் உற்சாகமாகிவிட்டார். அவருடைய பாட்டி காலத்து மரத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு நாளாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் இதை எழுதுகிறேன். மூளையைப் பாதிக்கும் என்றால் எப்படிப் பாதிக்கும்? எப்போது? புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

யாரோஒருவன் · ஞாயிறு, மாலை 6.02

என் தங்கை இதே மாத்திரையைச் சாப்பிட்டபடியே இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் நன்றாகப் படிக்கின்றன. டாக்டர்கள் சும்மா பயமுறுத்துவார்கள்.

மருந்துப்பெட்டி · ஞாயிறு, இரவு 8.45

மருந்தாளராக 20 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கார்முகில். இன்றிரவும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் மாற்றச் சொன்னார். அம்மா நிறுத்தச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு.

யாரோஒருவன், உங்கள் தங்கை பிள்ளைகள் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள். தாய் வால்ப்ரோயேட் சாப்பிட்ட நிலையில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு முதுகுத்தண்டுப் பிளவு, இதயக் குறை, அண்ணப் பிளவு என்று ஏதாவது பெரிய உடற்குறை இருக்கிறது. பொதுவாக அது 2 அல்லது 3 பேருக்குத்தான் இருக்கும். மீதி 90 பேரும் குறையில்லாமல் பிறக்கிறார்களே என்றால், ஆமாம், பிறக்கிறார்கள். பிரசவ அறையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நடக்கவும் பேசவும் தாமதமாவது, ஞாபகம், கவனம் எல்லாம் பிறகுதான் தெரியவரும். அந்த வகைச் சிக்கல் 100க்கு 30, 40 பேர் வரை. இதனால்தான் இந்த மருந்து இத்தனை காலம் தப்பித்துக்கொண்டிருந்தது.

டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஆட்டிசம் வகைக் குறைபாடு 1.53 சதவீதம், வயிற்றிலேயே வால்ப்ரோயேட்டைச் சந்தித்த 508 பேரிடம் 4.42 சதவீதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இன்னொரு ஆய்வில் 6 வயதுக் குழந்தைகளின் ஐ.க்யூ. சராசரி: தாய் லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்தைச் சாப்பிட்டிருந்தால் 108, வால்ப்ரோயேட் என்றால் 97. மருந்தின் அளவு கூடக்கூட இறக்கமும் கூடியது.

இந்த மருந்தின் கதையே விசித்திரம். 1882இல் ஆய்வகத்தில் செய்த இந்த அமிலத்தை 80 வருடம் வெறும் கரைப்பானாகத்தான் வைத்திருந்தார்கள். 1962இல் பிரான்சில் பியர் ஏமாரும் சகாக்களும் வேறு சில பொருட்களை இதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குவதைப் பார்த்தார்கள். கரைத்த பொருள் அல்ல, கரைப்பானே மருந்து என்று அப்போதுதான் புரிந்தது.

எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டீர்கள். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றி நூற்கண்டு மாதிரி இருக்கும். அந்தச் சுற்றை இறுக வைக்கும் நொதியை வால்ப்ரோயேட் தடுக்கிறது. வளர்ந்த உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். மூளை கட்டப்படும் காலத்தில் எந்த மரபணு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அது குழம்புவதுதான் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.

மாற்றுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். லாமோட்ரிஜினுக்குப் போனால் மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், ஏனென்றால் கூடவே வால்ப்ரோயேட் இருக்கும்போது அதன் அளவு ரத்தத்தில் இரட்டிப்பாகிவிடும், அவசரப்பட்டால் தோலில் மோசமான கொப்புளம் வரலாம். ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்றும் இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தருவதுண்டு.

கார்முகில் · ஞாயிறு, இரவு 9.30

மிக்க நன்றி ஐயா. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார், அவரிடம் அதுவே பெரிய விஷயம்.

ஒரு சந்தேகம். கரு தங்கியது தெரிந்ததும் மாற்றிக்கொண்டால் போதாதா? மூளையெல்லாம் வளர மாதக்கணக்காகுமே.

ஊமைவெயில் · ஞாயிறு, இரவு 11.50

இதற்குப் பதில் சொல்லாமல் தூங்க முடியாது. நான் கருவியல் பாடம் எடுக்கிறவள்.

போதாது, தோழி. மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டைத் தகடு. அதன் இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் சந்தித்து, ஜிப் மூடுவது போல ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகும். கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் அது முழுசாக மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால்தான் முதுகுத்தண்டுப் பிளவு. 28ஆம் நாள் என்றால் உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் வெறும் இரண்டு வாரம். பலர் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிப்பார்கள்.

"எவ்வளவு" என்று எல்லோரும் கேட்கிறார்கள், "எந்த நாளில்" என்று கேட்பவர்கள் குறைவு. தாலிடோமைடு தெரிந்திருக்கும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் சீட்டில்லாமலே விற்ற மாத்திரை. மிகப் பத்திரமானது என்றுதான் விளம்பரம். 1961 நவம்பரில் திரும்பப் பெற்றபோது உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்று கணக்கு. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, தந்த தரவுகள் போதாது என்று அனுமதிக் கோப்பை விடாமல் நிறுத்தி வைத்தார். அந்த மாத்திரை கருவைப் பாதித்த காலம் கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரைதான், ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் சாப்பிட்டிருந்தால் காது, அடுத்த சில நாட்களில் கை, அதற்கும் பிறகு கால். 50ஆம் நாளில் ஒரு டப்பாவையே காலி செய்தவளின் குழந்தைக்குக் கை கால் நன்றாக இருந்திருக்கும். 25ஆம் நாளில் ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டவளின் குழந்தைக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

இதில் மூளைக்கு என்ன? 1994இல் சுவீடனில் தாலிடோமைடால் பாதிக்கப்பட்ட 100 பேரை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, பரிசோதித்தார்கள். 4 பேருக்கு ஆட்டிசம் இருந்தது, எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம். அந்த 4 பேருமே 20 முதல் 24 நாட்களுக்குள் மருந்தைச் சந்தித்தவர்கள். கையில் காலில் அல்ல, காதில்தான் அவர்களுக்குக் குறை. அந்த நாட்களில் மூளைக் குழாய் இன்னும் மூடிக்கூட முடிந்திருக்காது. மூன்று வயதில் தெரியவரும் ஒரு விஷயத்தின் வேர் அங்கே இருக்க முடியும் என்று அதுவரை பலர் நினைத்துப் பார்த்ததில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் அறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

அப்புறம் எலிகள். தாலிடோமைடை எலிக்குக் கொடுத்தால் குட்டிகள் நன்றாகவே பிறக்கும், முயலுக்கும் குரங்குக்கும்தான் ஆகாது. "விலங்குகளில் சோதித்தது" என்ற வரியைப் பார்த்தால் எந்த விலங்கில் என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்.

பழையசுவர் · திங்கள், காலை 6.10

எல்லாரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தத் தம்பி இரண்டு நாளாகத் தொட்டிலைத் தேய்க்கிறார் என்று எழுதியிருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா?

அம்மா கார்முகில், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டி காலத்துப் பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. மஞ்சள், சிவப்பு, பழைய வெள்ளை என்றால் இன்னும் அதிகம். உரிந்து விழும் செதிலைப் பொறுக்கிப் போட்டுவிடலாம். உப்புத்தாள் போட்டால் வருவது மாவு. அது ஜன்னல் திட்டிலும் தரையிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாது.

நான் 14 வருடம் பழைய கட்டிடங்களில் கதவு, ஜன்னல் சுரண்டிப் பெயின்ட் அடித்தவன். முகத்துக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மூலையில் போடுவேன். பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. அந்தச் சட்டைக் குவியல்தான் அவனுக்கு மெத்தை, அதில் படுத்துப் புரண்டு பொத்தானைச் சப்பிக்கொண்டிருப்பான். எங்களுக்கு அது வேடிக்கை, போட்டோகூட இருக்கிறது. இரண்டு வயது தாண்டியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் டாக்டர், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். எனக்கு 31.

மருந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். இந்த அளவுக்கு மருந்து கிடையாது, வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்றார்கள். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கூட்டாதீர்கள், பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியை அலசாமல் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். பிறகு புதுத் துணியால் இன்னொரு முறை. சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டாம், நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும். அவர் போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தொட்டிலை பாலிதீனில் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஈயம் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் நீங்கள் செய்யாதீர்கள், அவரே செய்யட்டும்.

கார்முகில் · திங்கள், காலை 7.05

அண்ணா, இப்போதுதான் படித்தேன். ஓடிப்போய் உப்புத்தாளைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். தொட்டிலின் மேல் பூச்சு பச்சை, தேய்த்த இடத்தில் உள்ளே மஞ்சள் தெரிகிறது. வராண்டா தரை முழுக்க மாவு. நேற்று அதில் வெறுங்காலோடு நடந்தேன்.

உங்கள் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

பழையசுவர் · திங்கள், மதியம் 1.15

22 வயது. வண்டிப் பட்டறையில் வேலை, கை வேலையில் கெட்டிக்காரன். படிப்பு ஏறவில்லை. நாலு வரி படிப்பதற்குள் கவனம் போய்விடும் என்பான். ஈயத்தால்தானா, இல்லை எங்கள் வம்சமே அப்படியா, யார் சொல்வது? நானும் பெரிதாகப் படித்தவன் இல்லை.

நேர்கோடு · திங்கள், மதியம் 2.40

மன்னிக்கவும், கொஞ்சம் அதிகமாகப் போகிறோமோ என்று தோன்றுகிறது. மாத்திரை விஷம், தொட்டில் விஷம், தரை விஷம். எங்கள் தலைமுறையே ஈயம் கலந்த பெட்ரோல் புகையில்தான் வளர்ந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம்? தவிர, நஞ்சுக்கொடி என்று ஒன்று இருக்கிறது. தாயின் உடம்பு வேண்டாததை வடிகட்டாமலா விடும்?

மருந்துப்பெட்டி · திங்கள், இரவு 9.10

"நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? ஈயம் படாத இன்னொரு நேர்கோடு எங்கேயும் இல்லையே.

ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க டாக்டருக்கு இதே சிக்கல் வந்தது. ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் இறங்கிவிடும், பழைய கதை அதில் இருக்காது. அவர் என்ன செய்தார் என்றால், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பல்லில் ஈயம் தங்கிவிடுமே. நோய் அறிகுறி எதுவும் இல்லாத, பார்வைக்கு "நன்றாக இருந்த" பிள்ளைகள்தான் எல்லோரும். 1979இல் முடிவு வந்தது: பல்லில் ஈயம் அதிகம் இருந்தவர்களின் ஐ.க்யூ. சராசரி 4 புள்ளி குறைவு. கவனமும் குறைவு என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள், யார் பல்லில் எவ்வளவு என்று தெரியாமலேயே.

4, 5 புள்ளி ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். தனி ஆளுக்குத் தெரியாது. ஊர் முழுவதற்கும் சராசரி 100இலிருந்து 95 ஆனால், 70க்குக் கீழே இருப்பவர்கள் 100க்கு 2.3இலிருந்து 4.8 ஆகிவிடுவார்கள், இரண்டு மடங்கு. 130க்கு மேலே இருப்பவர்கள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள். கையிலிருக்கும் கணிப்பானில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

1960களில் குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றார்கள். 1991இல் அமெரிக்காவில் அது 10 ஆனது, 2012இல் 5, 2021இல் 3.5. இதற்குக் கீழே பத்திரம் என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா, 2021இல்தான் நிறுத்தியது.

பழையசுவர், உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ரத்தத்தில் 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் ஏறவில்லை. 45க்கு மேலே போனால்தான் இன்றும் பொதுவாக மருந்து.

கார்முகில், நீங்கள் இன்னும் கருவுறாதது நல்லதாகப் போயிற்று. ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஈயம் உடம்புக்குக் கால்சியம் மாதிரி வேஷம் போடும், எலும்பில் போய் உட்கார்ந்து பல வருடம் இருக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும்போது இதுவும் கிளம்பி வரும். இரண்டு நாள் தூசியில் பெரிதாகச் சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

ஊமைவெயில் · திங்கள், இரவு 10.30

நஞ்சுக்கொடி வடிகட்டும் என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். பேரிலேயே நஞ்சை வைத்துக்கொண்டு அது எதை வடிகட்டும் என்று வகுப்பில் கிண்டல் செய்வதுண்டு.

டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். 1956 மே 1இல் அங்கே ஒரு நோய் முதல் முறையாக அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, மீனைச் சாப்பிட்டவர்கள் நடை தள்ளாடி, பார்வை சுருங்கி விழுந்தார்கள். அதே ஊரில் மூளைவாதத்தோடு குழந்தைகளும் பிறந்துகொண்டிருந்தன. அந்தத் தாய்களுக்கோ ஒன்றுமில்லை, அல்லது விரல் நுனியில் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருந்தது. நஞ்சுக்கொடி விஷத்தை விடாது என்ற நம்பிக்கையால் குழந்தைகளின் நோய் வேறு என்று ஒதுக்கிவிட்டார்கள். இதே நோய்தான் என்று 1962இல்தான் ஒப்புக்கொண்டார்கள். மசாசுமி ஹராதா என்ற இளம் டாக்டர் அந்த வீடுகளுக்கு நடையாக நடந்து தாய்கள் சொன்னதைக் கேட்டவர். தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்தும் பழக்கம் அங்கே உண்டு. பிற்பாடு அவர் அவற்றை வாங்கிச் சோதித்தபோது, எந்த வருடத்துக் கொடியில் எவ்வளவு பாதரசம் என்பது ஆலை உற்பத்தியின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து போனது.

நஞ்சுக்கொடி வடிகட்டவில்லை, வாரிக் கொடுத்தது. மெத்தில் பாதரசம் ஓர் அமினோ அமிலம் போலத் தோற்றம் காட்டுவதால், சத்து என்று நினைத்துக் கை நீட்டி வாங்கி உள்ளே விடுகிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாக 1.7 மடங்கு. தாய்க்கு ஏன் ஒன்றுமில்லை என்று இப்போது புரிகிறதா?

நேர்கோடு · செவ்வாய், காலை 8.20

சரி, நஞ்சுக்கொடி விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தத் துறை தப்பாகப் பயமுறுத்தியதே இல்லையா?

1985இல் கொக்கைன் பயன்படுத்திய 23 பெண்களின் பிரசவங்களை வைத்து ஒரு கட்டுரை வந்தது. 23 பேர்! அதை வைத்து அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு தலைமுறையே மூளை கெட்டுப் பிறக்கப்போகிறது என்று எழுதின. தாய்களைச் சிறையில்கூடப் போட்டார்கள். பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற டாக்டர் 224 குழந்தைகளை 20 வருடத்துக்கும் மேல் தொடர்ந்து பார்த்தார். 4 வயதில் கொக்கைன் குழுவின் ஐ.க்யூ. 79, கொக்கைன் படாத குழு 81.9. இரண்டுமே தாழ்வு, ஏனென்றால் இரண்டு குழுவும் ஒரே ஏழ்மையில் இருந்தன. பிள்ளைகளின் மூளையைக் கொக்கைனைவிட ஏழ்மைதான் அதிகம் பாதித்தது என்று அவர் சொன்னார். அந்தச் செய்தி எத்தனை பேரை எட்டியது?

பாராசிட்டமால் இன்னொன்று. ஆட்டிசம் வரும் என்று ஒரே கூச்சல். 2024இல் சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவைப் பார்த்தார்கள். மேலோட்டமாக லேசான தொடர்பு தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை, மாத்திரையோடு பிறந்ததையும் மாத்திரையில்லாமல் பிறந்ததையும், ஒப்பிட்டதும் அது மறைந்துவிட்டது. காய்ச்சலும் வலியும் உள்ள தாய்தான் மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான்.

மருந்துப்பெட்டி · செவ்வாய், காலை 9.00

இரண்டிலும் நீங்கள் சொல்வது சரி. உடன்பிறப்புகளை ஒப்பிடுவதுதான் இந்த வகைக் கேள்விக்கு நல்ல வழி. கர்ப்பத்தில் காய்ச்சலைச் சும்மா விடுவதும் தப்பு. வால்ப்ரோயேட்டை நான் இவற்றோடு சேர்க்காததற்குக் காரணம், அங்கே அளவு கூடினால் பாதிப்பு கூடுகிறது, மற்ற வலிப்பு மருந்து சாப்பிட்ட தாய்களோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் நிற்கிறது.

இரவுப்பணி · புதன், அதிகாலை 3.40

பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸ். இப்போது ஒரு குட்டி தூங்கிவிட்டது, அந்த இடைவெளியில் எழுதுகிறேன்.

நேர்கோடு சொன்ன பயமுறுத்தலின் விளைவை நாங்கள்தான் பார்க்கிறோம். ஓபியாய்டு (அபின், ஹெராயின் வகைப் போதை) பழக்கம் உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்து ஒன்றிரண்டு நாளில், அது திடீரென்று கிடைக்காமல் போவதால், விலகல் அறிகுறி வரும். அந்த அழுகையைக் கதவுக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், மெல்லிசாக, கூர்மையாக, மூச்சு விடாமல். கை காலெல்லாம் விறைப்பு. முழங்கால் படுக்கையில் தேய்ந்து தேய்ந்து சிவந்திருக்கும். தும்மல் மேல் தும்மல். பசியோடு உறிஞ்சும், விழுங்கத் தெரியாமல் திணறும். விளக்கைக் குறைத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, அம்மாவின் மார்போடு சேர்த்து வைத்தால் பாதிக் குழந்தைகள் மருந்தில்லாமலே அடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொட்டு மருந்து, பிறகு மெதுவாகக் குறைப்போம்.

அந்த அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பழக்கத்துக்கு மாற்றாக மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்பின் என்ற மருந்தைக் கொடுத்து நிலையாக வைத்திருப்பார்கள். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, கருவுக்கே ஆபத்து. ஆனால் யார் சொல்வார்கள்? சொன்னால் குழந்தையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். வலிப்பு மாத்திரையை மறைத்தவர்களும் உண்டு, சிகரெட்டை மறைத்தவர்களும் உண்டு. கார்முகில், நீங்கள் கருத்தரிக்கும் முன்பே கேட்கிறீர்கள். அது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியாது.

பெயர்வேண்டாம் · புதன், காலை 11.15

இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு 5ஆம் மாதம். 6ஆவது வாரத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் நண்பர்களோடு 3 முறை மது அருந்தினேன், ஒரு முறை கொஞ்சம் அதிகமாகவே. தெரிந்ததிலிருந்து தொடவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் இரவில் இணையத்தில் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊமைவெயில் · புதன், மதியம் 12.40

முதலில் அந்தப் படங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

மது கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. 1968இல் பிரான்சில் பால் லெமுவான் 127 குழந்தைகளை வைத்து எழுதினார், அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அதற்கு "ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் மழமழவென்று போய்விடும், மேலுதடு மெலியும், கண் திறப்பு சிறுக்கும். நீங்கள் பார்ப்பது அந்த முகங்களைத்தான். அவற்றில் பெரும்பாலானவை தாய் கர்ப்பம் முழுவதும் கடுமையாகக் குடித்ததால் வந்தவை.

உங்களுக்குப் பொய்யான ஆறுதலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு வரை குடிக்கலாம் என்று பத்திரமான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. ஒரே சமயத்தில் அதிகம் குடிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதைவிட மோசம். ஆனால் நாள் கணக்கு இங்கேயும் உண்டு. 6ஆவது வாரம் என்பது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது, கருவின் வயது அப்போது 4 வாரம். அதில் முதல் இரண்டு வாரத்தில் கரு இன்னும் உறுப்புகளாகப் பிரிந்திருக்காது. பலத்த சேதம் என்றால் கரு தங்காது, தங்கினால் பெரும்பாலும் சரிசெய்துகொண்டுவிடும். அந்த 3 முறையும் எந்தத் தேதி என்று நினைவிருந்தால் எழுதி, மகப்பேறு டாக்டரிடம் அப்படியே கொடுங்கள். அவர் நூறு முறை கேட்ட விஷயம் இது. நிறுத்தியதும் வீண்போகவில்லை. மூளை 9ஆம் மாதம் வரைக்கும், அதற்குப் பிறகும், வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பெயர்வேண்டாம் · புதன், இரவு 10.05

தேதிகளைக் கணக்குப் போட்டேன். 2 முறை அந்த இரண்டு வாரத்துக்குள். அதிகமாகக் குடித்தது அதில் ஒன்று. கணவரிடமும் சொல்லிவிட்டேன். நாளை டாக்டரிடம் போகிறோம்.

கார்முகில் · 5 மாதம் கழித்து

இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் பலர் கேட்டார்கள்.

தொட்டில் செதிலில் ஈயம் உறுதி. உள்ளே இருந்த மஞ்சள் பூச்சுதான். என் ரத்தத்தில் 4, அவருக்கு 9. மூன்று மாதம் கழித்து எனக்கு 2க்குக் கீழே, அவருக்கு 5. தொட்டில் இன்னும் பாலிதீனுக்குள் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. பழையசுவர் அண்ணா சொன்னபடி வராண்டாவை அவரே மூன்று முறை துடைத்தார்.

மாத்திரையை மாற்ற 4 மாதம் ஆனது. நடுவில், மூன்றாவது மாதத்தில், ஒரு வலிப்பு வந்தது. 6 வருடம் கழித்து. குளியலறைத் தரையில் கண் விழித்தேன், நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. அன்றைக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, இங்கே எழுதியவர்கள் மேலும்தான். பழைய மாத்திரைக்கே போய்விடுகிறேன் என்று டாக்டரிடம் அழுதேன். அவர் லாமோட்ரிஜினை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதற்குப் பிறகு வரவில்லை. வால்ப்ரோயேட் முழுசாக நின்று 5 வாரம். வண்டி ஓட்டுவதை மட்டும் இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

மருந்துப்பெட்டி ஐயாவுக்கு ஒரு கேள்வி. கரு தங்கிய பிறகு லாமோட்ரிஜின் ரத்தத்தில் இறங்கும் என்கிறார்களே, எப்போது பார்க்க வேண்டும்?

மருந்துப்பெட்டி · அன்று இரவு 8.30

அந்த வலிப்புக்காக வருந்துகிறேன், அம்மா.

கருத்தரிப்பதற்கு முன்பே ஒரு முறை பாருங்கள், இந்த வாரமே. நீங்கள் வலிப்பில்லாமல் இருக்கும்போது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு மாதம் ஒரு முறை பார்ப்பது வழக்கம். கர்ப்பத்தில் உடம்பு இந்த மருந்தை மளமளவென்று வெளியேற்றும், சிலருக்கு மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டிவரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ரத்தத்தில் பழைய அளவை எட்டத்தான் அது.

பிரசவம் ஆனதும் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்போது மாத்திரையைக் குறைக்க எல்லாரும் மறந்துவிடுவார்கள், வீட்டில் குழந்தை வந்த சந்தடியில். தலை சுற்றி, பார்வை இரட்டையாகத் தெரிந்தால் தூக்கம் கெட்டதால் என்று விட்டுவிடாதீர்கள். எந்த வாரம் எவ்வளவு குறைப்பது என்று இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி, உங்கள் கணவர் கையில் கொடுத்து வையுங்கள். தொட்டிலைத் துடைத்தவர் இதையும் பார்த்துக்கொள்வார்.